வரி 21,760 ரூபா, அதக் கட்டுறதுக்கு 694 ரூபாயா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன், ஊர்க்காரங்க யாரும் அத முழுசா சொல்ல மாட்டோம், திருப்பாப்புலியூர்தான். சிப்காட்ல ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ்ல வேல, வயசு 57 ஆவுது. உங்க பேப்பர தெனம் காலைல பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடைலதான் படிக்கிறேன், காசு குடுத்து வாங்கறது இல்ல, அதனால இந்தக் கடிதம் எழுதற உரிம எனக்கு இருக்கான்னு கூட தெரியல. இருந்தாலும் போன மாசம் எனக்கு நடந்தத எழுதியே ஆவணும்னு உக்காந்துட்டேன். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா கணக்கு வர எடத்த மட்டும் வெட்டாதீங்க, அதுலதான் விஷயமே இருக்கு.

2025 டிசம்பர் மாசம் மொத வாரம் போன்ல ஒரு எஸ்எம்எஸ், நீங்க தாக்கல் செஞ்ச வருமான வரி கணக்குக்கும் எங்ககிட்ட இருக்கற தகவலுக்கும் பொருந்தல, சரிபாருங்கன்னு இங்கிலீஷ்ல வந்திருக்கு. நான் அத டுபாக்கூர்னு நெனச்சி அழிச்சிட்டேன். என்ன பண்றது, பார்சல் வந்திருக்கு, கரண்ட் கட் ஆவப்போவுது, கேஒய்சி முடிஞ்சிடுச்சின்னு தெனம் நாலு வருது, எது நெசம் எது பொய்னு யாருக்குத் தெரியும், எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இப்படி லிங்க தொட்டு நாப்பதாயிரம் போயி சைபர் கிரைம் நம்பர் 1930-க்கு போன் போட்டு அலஞ்சாரு. ரெண்டு நாள் கழிச்சி மெயில்லயும் வந்திருந்தத எம்பொண்ணு பாத்துட்டு, அப்பா இது லிங்க்லாம் கேக்கல, நேரா வருமான வரி வெப்சைட்டுக்குள்ள நாமளே போயி பாக்கலாம்னா. பாத்தா நெசம்தான். ஏஐஎஸ்ஸுன்னு ஒரு அறிக்க இருக்குது, வருஷாந்திர தகவல் அறிக்க, அதுல நம்ம பான் நம்பர்ல எங்கெங்க என்ன வரவு, எவ்வளவு வட்டி, எவ்வளவு புடிச்சாங்கன்னு எல்லாம் வரிசையா நிக்கிது. எம்பேர்ல 92,000 ரூபா வட்டி வருமானம்னு போட்டிருக்கு. எனக்கு தலையே சுத்திடுச்சு. 92,000 ரூபாய நான் கண்ணாலயே பாக்கல.

இந்த எடத்துல எங்க அப்பாவ பத்தி சொல்லணும். நெல்லிக்குப்பம் மில்லுல வேல பாத்து ரிட்டயர் ஆனவரு, பீடி சிகரெட்டு கெடையாது, சினிமா கெடையாது, எல்லாத்தையும் பேங்க்ல போட்டு வெச்சிருந்தாரு. அவரு தவறினதுக்கு அப்புறம் அக்காவுக்கு சேர வேண்டியத குடுத்துட்டு எம்பங்குக்கு வந்த பதிமூணு லட்சத்த 2024 ஏப்ரல்ல எம்பேர்லயே எஃப்டியா போட்டேன். மூணு வருஷம், மாசா மாசம் வட்டி வாங்காம முடிவுல மொத்தமா வாங்கற மாதிரி. பொண்ணு கல்யாணத்துக்குன்னு ஒதுக்குன காசு. அந்த ரசீத பீரோ கீழ் தட்டுல வெச்சேன், அந்த வருஷமே பெஞ்சல் புயல்ல தண்ணி உள்ள வந்து கீழ் தட்டு மொத்தமும் நனஞ்சி, ரேஷன் கார்டு, பத்திரம், எஃப்டி ரசீது எல்லாத்தையும் ஃபேன் அடியில பாய்ல பரப்பி காய வெச்சோம். இன்னிக்கும் அந்த ரசீதுல ஒரு ஓரம் சேத்து கலர்லதான் இருக்கு. அதுக்கப்புறம் மடிச்சி வெச்சதோட சரி, அத நான் தொடவே இல்ல. தொடாத காசுக்கு வரியான்னு எனக்கு ஆத்திரம்.

மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர்கிட்ட போனேன். அவரு சிரிச்சிக்கிட்டே சொல்றாரு, சார் நீங்க எடுத்தாலும் எடுக்கலன்னாலும் வருஷா வருஷம் வட்டி ஏறிட்டுதான் இருக்கு, பேங்க் அத உங்க வருமானமா காட்டி பத்து பர்சன்ட் டிடிஎஸ் புடிச்சி கட்டிட்டாங்க, 9,200 ரூபா. நான் சொன்னேன், அப்ப முடிஞ்சிது இல்ல சார், வரிதான் புடிச்சிட்டாங்களேன்னு. அங்கதான் சார் நான் மட்டும் இல்ல, என்ன மாதிரி பாதி ஊரு ஏமாந்து நிக்கிது. டிடிஎஸ்னா அட்வான்ஸ் மாதிரி ஒரு புடித்தம், அவ்வளவுதான். நம்ம மொத்த வருமானம் எந்த படியில நிக்கிதோ அந்தப் படிக்கு உண்டான வரி தனி. பேங்க்ல புடிச்சாச்சு, கணக்கு தீந்துதுன்னு இல்ல.

என் கணக்கயே சொல்றேன், 2024-25 வருஷத்துக்கு. சம்பளம் 7,55,000. அதுல ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 75,000 போனா 6,80,000. புது முறைல அந்த வருஷம் மூணு லட்சம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, அதுக்கு மேல ஏழு லட்சம் வரைக்கும் 5 பர்சன்ட், ஆக எனக்கு 19,000 ரூபா வரி வருது. ஆனா வருமானம் ஏழு லட்சத்த தாண்டலன்னா அந்த 19,000-த்த மொத்தமா தள்ளுபடி பண்ணிடறாங்க. அதனால எனக்கு வரி பூஜ்யம், சம்பளத்துக்கும் அதுல புடிச்ச வரிக்கும் ஆபீஸ்ல குடுக்கற சான்று, ஃபார்ம் 16, அதுலயும் அப்படிதான் போட்டிருந்துச்சு. இப்ப இந்த 92,000 வட்டிய சேத்தா 7,72,000. ஏழு லட்சம் கோட்ட தாண்டிட்டேனா, செத்துப்போன அந்த 19,000-மும் எழுந்து வந்துடுச்சு. ஏழு லட்சம் வரைக்கும் 20,000, மேல இருக்கற 72,000-க்கு பத்து பர்சன்ட் 7,200, மொத்தம் 27,200, அதுக்கு மேல 4 பர்சன்ட் செஸ் 1,088, ஆக 28,288. பேங்க் புடிச்ச 9,200 கழிச்சா இன்னும் 19,088 நான் கட்டணும்.

நீங்களே பாருங்க, 92,000 வட்டிக்கு 28,288 வரி. பத்து பர்சன்ட்டோட போச்சுன்னு நெனச்சவனுக்கு முப்பது பர்சன்ட்டுக்கு மேல. இதே வருமானம் அடுத்த வருஷம், அதாவது 2025-26-ல வந்திருந்தா ஒத்த பைசா கெடையாது, ஏன்னா தள்ளுபடி எல்லைய பன்னெண்டு லட்சமா ஏத்திட்டாங்க. என் நேரம்.

வரியோட நிக்கல. டிடிஎஸ் போக பத்தாயிரமோ அதுக்கு மேலயோ பாக்கி வர்றவங்க அத அந்த வருஷமே ஜூன் 15, செப்டம்பர் 15, டிசம்பர் 15, மார்ச் 15-ன்னு நாலு தவணையா அட்வான்ஸ் டாக்ஸ் கட்டணுமாம், கட்டாததுக்கு மாசம் ஒரு பர்சன்ட் வட்டி, அது ரெண்டு விதமா போடறாங்க, ஒண்ணு 1,710, இன்னொண்ணு 958. அறுவது வயசு தாண்டி வியாபார வருமானம் இல்லாதவங்களுக்கு இந்த அட்வான்ஸ் டாக்ஸ் தொல்ல கெடையாது, எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு. இதுலயும் என் கைத்தப்பு ஒண்ணு இருக்கு. செப்டம்பர்ல கடைசி தேதி நெருக்கத்துல ஆபீஸ் நண்பர் ஒருத்தர்தான் எனக்கு ரிட்டன் போட்டு குடுத்தாரு, அப்ப வட்டின்னு ஒரு கட்டத்துல தொக தானாவே நெறஞ்சி வந்திருக்கு, ஃபார்ம் 16-ல இது இல்லையேன்னு அவரு அத அழிச்சிட்டாரு, நானும் பக்கத்துல உக்காந்து மசால்வட சாப்ட்டுக்கிட்டு தலையாட்டினேன். அன்னிக்கே அத விட்டிருந்தா மூணு மாச வட்டி 570 ரூபாயாவது மிஞ்சியிருக்கும். நண்பர் மேல கோவம் இல்ல, உதவி பண்ண வந்தவரு.

ஆக வரி பாக்கி 19,088-ம் அந்த ரெண்டு வட்டியும் சேந்து மொத்தம் 21,756, பத்து ரூபாய்க்கு முழுசாக்கி 21,760. டிசம்பர் 31-க்குள்ள கட்டிட்டு திருத்தின ரிட்டன் போட்டுடணும், தாண்டிட்டா அப்டேட்டட் ரிட்டன்னு வேற வழி, அதுல வரிக்கும் வட்டிக்கும் மேல இன்னொரு 25 பர்சன்ட் சேத்து கட்டணும்னாரு ஆடிட்டர், எனக்கு அது அஞ்சாயிரத்துக்கு மேல வரும். ஒரு துண்டுச் சீட்டுல எழுதி குடுத்தாரு. மதிப்பீட்டு வருஷம் 2025-26, அதாவது 2024-25 வருமானத்துக்கு கணக்கு பாக்கற அடுத்த வருஷம், கோடு 300, அதாவது நாமளே கணக்கு பாத்து கட்டற வரிக்கான நம்பர், தொக 21,760. வருஷம் மட்டும் மாத்தி போட்டுடாதீங்க சார், அப்புறம் அத திருத்தறதுக்கு தனியா மனு போடணும்னு ரெண்டு வாட்டி சொன்னாரு. இது வரைக்கும் எனக்கு யார் மேலயும் குற இல்ல, சட்டப்படி வர வேண்டிய வரி, தெரியாம விட்டது என் தப்பு. நான் எழுத வந்தது இதுக்கப்புறம் நடந்தது.

டிசம்பர் 29, திங்கக்கெழம. சம்பளம் அஞ்சாம் தேதிதான், அக்கவுண்ட்ல ஒம்பதாயிரத்து சொச்சம்தான் கெடக்கு. எங்கிட்ட ஒரு கிரெடிட் கார்டு இருக்கு, பேங்க்ல கெஞ்சி குடுத்தது, பெட்ரோலுக்கு தவிர தொட்டதில்ல. பொண்ணு புதுச்சேரில வேலைக்கு போயிட்டா, சாயங்காலம் ஏழு மணிக்குதான் வருவா, அதுக்குள்ள முடிச்சிடலாம்னு அவசரப்பட்டு ஒரு பிரவுசிங் சென்டருக்கு போனேன். எதுன்னு சொல்ல வேணாம், ஊர்ல அந்த மாதிரி முப்பது நாப்பது இருக்கு.

கூட்டம் நெரியுது. ஒருத்தர் பட்டா மாறுதலுக்கு, ஒரு அம்மா ஆதார்ல பேரு திருத்த, காலேஜ் புள்ளைங்க ஸ்காலர்ஷிப்புக்கு. தரைல மழத்தண்ணி செருப்போட வந்து சேறாக் கெடக்கு, கம்ப்யூட்டர் மேல ஒரு சின்ன புள்ளையார், அவருக்கு மார்கழி பூசணிப்பூ வெச்சிருந்தாங்க. உக்காந்திருந்த பையனுக்கு இருவத்திரெண்டு வயசு இருக்கும். பான் நம்பர் கேட்டான், ஓடிபி கேட்டான், பட்டு பட்டுன்னு தட்டறான், வருஷம் 2026-27-ன்னு வெக்க பாத்தான், நான் சீட்ட நீட்டி தம்பி இது 25-26-ன்னேன், சாரி சார்னு மாத்தினான். அந்த ஒரு எடத்துல நான் உஷாரா இருந்தேன், அதுக்கே ரொம்ப பெருமையா இருந்துச்சு. கார்டு குடுங்க சார்னான். குடுத்தேன். மேஜை மேல இருந்த ஸ்வைப்பிங் மிஷின்ல சொருகி, பின் நம்பர் போடுங்கன்னான், போட்டேன். பின்னாடி நின்ன அம்மா தம்பி எனக்கு நேரமாவுதுன்னு சத்தம் போடறாங்க. மிஷின்லருந்து சீட்டு வந்துச்சு, பிரிண்டர்லருந்து சலான் வந்துச்சு, ரெண்டையும் மடிச்சி பாக்கெட்ல வெச்சிட்டு, அப்பாடான்னு வெளிய வந்து ஒரு டீ சொல்லிட்டு பிரிச்சி பாக்கறேன்.

சலான்ல 21,760. மிஷின் சீட்டுல 22,454.

திரும்ப உள்ள போனேன். தம்பி 694 ரூபா அதிகமா இருக்கேன்னேன். தலைய தூக்காம சொல்றான், சார் 150 சர்வீஸ் சார்ஜ், மீதி கார்டு சார்ஜ், ரெண்டர பர்சன்ட், அது பேங்க் எடுக்கறது, எங்களுக்கு இல்ல. கணக்கு போட்டேன், 21,760-க்கு ரெண்டர பர்சன்ட் 544, சரியாதான் இருக்கு. மொதல்ல ஏம்ப்பா சொல்லலன்னேன். எல்லாரும் தெரிஞ்சிதான் சார் குடுக்கறாங்கன்னான். பின்னாடி நின்ன அம்மா என்ன ஒரு மொற மொறச்சாங்க, வந்துட்டேன்.

வீட்ல வந்து பொண்ணு சலான பாத்துட்டு சொல்றா, அப்பா இதுல பணம் கட்டின முறை யூபிஐன்னு போட்டிருக்கு பாரு. அதாவது அந்தப் பையன் கடை அக்கவுண்ட்லருந்து யூபிஐ-ல கவர்மெண்டுக்கு கட்டிட்டான், அதுக்கு அவனுக்கு செலவு சுழி. எங்கிட்ட தனியா கார்டு தேச்சி ரெண்டர பர்சன்ட் எடுத்துக்கிட்டான். அவன் மிஷினுக்கும் பேங்க் ஒரு தொக புடிக்கும், கிரெடிட் கார்டுன்னா அதுக்கு உச்சவரம்பே கெடையாது, அதனால அவன் முழு 544-ஐயும் முழுங்கிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். நாலு பேரு வேலைய நாள் பூரா குனிஞ்சி பாக்கற புள்ள, 150 ரூபா அவன் ஒழப்பு, அத நான் சந்தோஷமா குடுப்பேன். தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வேற வழி யோசிச்சிருப்பேன் இல்ல, அதுதான் என் வயித்தெரிச்சல்.

வேற வழி எத்தன இருக்குன்னு அன்னிக்கு ராத்திரி எம்பொண்ணு காட்டினா. அந்த வெப்சைட்லயே லாகின் பண்ணாம கூட கட்டலாம், பான் நம்பரும் போன் நம்பரும் போதும். நெட் பேங்கிங் இருக்கு, ஆனா லிஸ்ட்ல நம்ம பேங்க் இருக்கணும். நெஃப்ட் வழியா பேங்க்ல குடுத்து கட்டலாம். நேரா கவுண்டர்லயும் கட்டலாம், கேஷ்னா பத்தாயிரம் வரைக்கும்தான், மேல போனா செக்கு, டிடி. யூபிஐ இருக்கு, வரிக்கு மட்டும் ஒரு தடவைக்கு அஞ்சு லட்சம் வரைக்கும்னு 2024-லயே எல்லைய ஏத்தி வெச்சிருக்காங்க, அதுக்கு கட்டணம் இல்ல. ரூபே டெபிட் கார்டுக்கும் இல்ல. கிரெடிட் கார்டுலதான் கட்டுவேன்னா பேமென்ட் கேட்வேன்னு ஒண்ணு, அதுல எந்த பேங்க் கேட்வேக்கு எவ்வளவுன்னு கட்டறதுக்கு முன்னாடியே காட்டுது, ஒண்ணுக்கொண்ணு மாறுது, அன்னிக்கு நாங்க பாத்ததுல ஒண்ணு 0.85 பர்சன்ட், அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 பர்சன்ட். என் தொகைக்கு 218 ரூபா வரும். ஆக நானே என் கார்டுல நேரா கட்டியிருந்தா 218, கடைல 544. இந்த காசு எதுவும் வரி கணக்குல ஏறாது, சலான்ல இருக்கற 21,760-தான் நம்ம கணக்கு.

இன்னும் ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்த கெடுத்துச்சு. ஜனவரில கார்டு பில்லு வந்துச்சு, மொத்தம் 22,454-ம் பெட்ரோலும் சேந்து, கீழ ஒரு மூலைல குறைந்தபட்சம் ஆயிரத்து சொச்சம் கட்டினா போதும்னு போட்டிருக்கு. நல்ல மனுசங்கடான்னு நெனச்சேன். பின்பக்கம் பொடி எழுத்துல படிச்சா, பாக்கி வெச்சா மாசத்துக்கு 3.5 பர்சன்ட் வட்டி, அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி. வருமான வரிக்காரங்க லேட்டா கட்டினதுக்கு மாசம் ஒரு பர்சன்ட் போட்டாங்கன்னு பொலம்பினேனே, அந்த ஒரு பர்சன்ட் கடன அடைக்க மூணர பர்சன்ட் கடன வாங்கியிருக்கேன், அதுவும் நுழைவுக் கட்டணம் குடுத்து. நல்ல வேள, எங்க வீட்டுக்காரம்மா சீட்டு ஒண்ணு விழுந்துச்சு, முழுசா அடச்சிட்டேன். சீட்டுக்காசு எதுக்கு வெச்சிருந்தாங்கன்னு கேக்காதீங்க, இன்னும் வீட்ல அந்தப் பஞ்சாயத்து முடியல.

பேங்க்ல போயி மேனேஜர்கிட்ட இதயெல்லாம் சொன்னேன், அவரு கேட்டாரே ஒரு கேள்வி. சார் உங்களுக்கு பதிமூணு லட்சம் எஃப்டி இருக்கே, அதுமேல லோன் கேட்டிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பமே? எஃப்டி வட்டிய விட ஒண்ணோ ரெண்டோ பர்சன்ட் அதிகம், வருஷத்துக்கு. எஃப்டிய ஒடைக்க வேணாம். பத்து நாளைக்கு 22,000 எடுத்து சம்பளம் வந்ததும் போட்டிருந்தா, வருஷம் ஒம்பது பர்சன்ட்னு வெச்சாலும் வட்டி அம்பது அறுவது ரூபா. எந்த எஃப்டியால எனக்கு வரி வந்துச்சோ அதே எஃப்டி அந்த வரிய கட்டியிருக்கும், நான் அத சேறு படிஞ்ச ரசீதா மட்டும் நெனச்சி பீரோலயே வெச்சிருக்கேன். அப்பா இருந்திருந்தா மண்டைல ஒண்ணு போட்டிருப்பாரு.

கார்டு சார்ஜ் விஷயத்த கொஞ்சம் விசாரிச்சேன், அதையும் சேத்து எழுதறேன், படிக்கறவங்களுக்கு உதவும். கடைக்காரங்க மிஷின்ல நாம தேச்சா பேங்க் அவங்ககிட்ட அதுல ஒரு பங்கு புடிக்குது, எம்டிஆர்னு பேரு. டெபிட் கார்டுக்கு ரிசர்வ் பேங்க் 2018 ஜனவரிலருந்து எல்ல போட்டிருக்கு, வருஷத்துக்கு இருவது லட்சம் வரைக்கும் வியாபாரம் பண்ற சின்ன கடைக்கு 0.40 பர்சன்ட், அதுவும் 200 ரூபாய தாண்டக் கூடாது, பெரிய கடைக்கு 0.90 பர்சன்ட், 1,000 ரூபாய தாண்டக் கூடாது. அந்தக் காச வாடிக்கையாளர் தலைல கட்டக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. 2020 ஜனவரிலருந்து ரூபே டெபிட் கார்டுக்கும் யூபிஐக்கும் எம்டிஆரே கெடையாது. ஆனா நம்ம ஊர்ல நடக்கறது என்ன? மொபைல் கடை, டிவி ஃப்ரிட்ஜ் கடை, நகைக்கடை எங்க போனாலும் கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா சார், டெபிட்டா கிரெடிட்டான்னு கூட பாக்கறதில்ல, எல்லா கார்டுக்கும் ஒரே மந்திரம். போன தீபாவளிக்கு மிக்ஸி வாங்கப்போனப்ப ரூபே டெபிட் கார்ட நீட்டினேன், அதுக்கும் ரெண்டு பர்சன்ட்னாங்க, அன்னிக்கு எனக்கு இந்த சட்டமெல்லாம் தெரியாது, சரின்னு யூபிஐல போட்டுட்டு வந்துட்டேன். தெரிஞ்சிருந்தா நின்னு சண்ட போட்டிருப்பேனான்னா, போட்டிருக்க மாட்டேன், ஆனா கேட்டாவது இருப்பேன்.

வாங்கறத முன்கூட்டியே சொல்லிட்டு வாங்கறவங்களும் இருக்காங்க. ரயில் டிக்கெட் போடறப்ப ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு 15 ரூபா, ஏசிக்கு 30, யூபிஐ-ல கட்டினா 10, 20, மேல ஜிஎஸ்டின்னு கண்ணு முன்னாடி போட்டிருக்கு, பிடிச்சா கட்டறோம், இல்லன்னா ஜங்ஷன் கவுண்டர்ல போயி நிக்கிறோம். சொத்து வரிய எடுத்துக்கோங்க, அரையாண்டு தொடங்கி முப்பது நாளைக்குள்ள கட்டினா 5 பர்சன்ட் ஊக்கத்தொக, 5,000 ரூபா வரைக்கும், லேட்டானா மாசம் ஒரு பர்சன்ட் வட்டி. இது ஊர்ல பாட்டிக்கு கூட தெரியும், ஏன்னா ஆட்டோல மைக் கட்டி தமிழ்ல சொல்றாங்க. எங்க வீட்டு வரி வருஷா வருஷம் ஏப்ரல்லயே கட்டிடறேன், அந்த அஞ்சு பர்சன்ட் மிச்சம் புடிக்கற சந்தோஷமே தனி. தமிழ்ல காதுல விழுந்த வரிய ஒழுங்கா கட்டற அதே மனுசன்தான் இங்கிலீஷ்ல வந்தத டுபாக்கூர்னு அழிச்சிட்டு கடைசி நேரத்துல கார்ட தூக்கிக்கிட்டு ஓடினேன்.

அதனால நான் கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. வருமான வரி எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் தமிழ்லயும் வரட்டும், இந்தெந்த வழில கட்டினா கட்டணம் இல்ல, கிரெடிட் கார்டுன்னா கட்டணம் உண்டுன்னு அதுலயே ரெண்டு வரி சேக்கட்டும். பேங்க்காரங்க எஃப்டி போடறப்ப ரசீது பின்னாடி பத்து பர்சன்ட் புடிக்கறது முழு வரி இல்லன்னு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சி குடுத்தா போதும், என் அப்பா மாதிரி சேத்து வெச்சவங்க புள்ளைங்க நெறைய பேரு தப்பிப்பாங்க. அப்புறம் கம்பெனில வேல பாக்கறவங்க ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க, இத எனக்கு ஆடிட்டர் சொன்னாரு, வட்டி வருமானம் இவ்வளவு வரும்னு ஆபீஸ் அக்கவுண்ட்ஸ்ல முன்னாடியே எழுதி குடுத்துட்டா சம்பளத்துலயே கொஞ்சம் கொஞ்சமா புடிச்சிப்பாங்க, அட்வான்ஸ் டாக்ஸ் தேதிங்கள நாம நெனப்புல வெச்சிக்க வேணாம். ரிட்டன் போடறதுக்கு முன்னாடி ஏஐஎஸ்ஸ ஒரு தடவ தொறந்து பாத்துடுங்க, முன்னாடியே நெறஞ்சி வர்ற கட்டத்த அழிக்கறதுக்கு முன்னாடி ஏன் வந்துச்சுன்னு கேளுங்க, மசால்வட அப்புறம் சாப்ட்டுக்கலாம்.

கடைக்காரங்களுக்கு, கார்டுக்கு எவ்வளவுன்னு மிஷின் பக்கத்துல ஒரு அட்டைல எழுதி வெக்க எவ்வளவு ஆவும்? போன வாரம் ரேஷன் கடைக்கு போற வழில அந்த பிரவுசிங் சென்டர் பக்கம் போனேன், வேணும்னே எட்டிப் பாத்தேன். பையன் என்ன அடையாளம் கண்டுக்கிட்டு, சார் பாத்தீங்களான்னு கண்ணாடிய காட்டறான். ஏ4 பேப்பர் ஒண்ணு ஒட்டியிருக்கு, கிரெடிட் கார்டு ரெண்டர பர்சன்ட் எக்ஸ்ட்ரான்னு, இங்கிலீஷ்ல. நல்லாருக்கு தம்பி, தமிழ்லயும் எழுதிடுப்பான்னேன். மார்க்கர் தீந்துபோச்சு சார், நாளைக்கு எழுதறேன்னான்.

இப்படிக்கு,
ஸ்டோர்ஸ்ல வேல பாக்கற ஒரு வாசகன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.